பார்த்ததை மட்டும்

இதை எழுதட்டுமா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "எழுது. ஆனா பாத்தத மட்டும் எழுது" என்றார். அது எனக்கு வைத்த குட்டு. வாங்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் பிழைப்பே குறை கண்டுபிடிப்பது. கப்பலூரில் சட்டை தைக்கிற கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் பதினாறு வருஷமாக நிற்கிறேன். தைத்து வருகிற சட்டையை விரித்து, காலரைத் திருப்பி, தையல் விட்டிருக்கிறதா, பட்டன் ஓட்டையில் நூல் தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். குறை இருந்தால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். நாள் பூராவும் இதே கண்ணோடு இருந்துவிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், புருஷன் மேல் ஸ்டிக்கர் ஒட்டாமல் இருக்க முடியுமா? "என்னையும் சட்டை மாதிரியே பெரட்டிப் பெரட்டிப் பாக்குறடி" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார், அப்போதெல்லாம்.

அவர் மதுரை டவுனில் ஒரு மிட்டாய்க் கடையில் சரக்கு மாஸ்டர். லட்டு, ஜிலேபி, பாதுஷா, மைசூர்பாகு எல்லாம் அவர் கையில்தான் உருவாகும். இருபத்தெட்டு வருஷ அடுப்பு. பாகு பதம் பார்க்க அவர் ஒரு நாளும் நாக்கைத் தொட்டதில்லை. கரண்டியிலிருந்து ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே எடுத்து, விரலை மெல்லப் பிரிப்பார். நடுவில் கம்பியாக இழுத்து நிற்கும். எந்தச் சரக்குக்கு எத்தனை கம்பி என்பது அவருடைய விரலுக்குத் தெரியும். "நாக்குல வச்சுப் பாக்குறவன் மாஸ்டர் இல்ல, திங்க வந்த பய" என்று புது ஆட்களைத் திட்டுவாராம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அடுப்பு பற்றவைத்ததிலிருந்து அணைக்கிற வரைக்கும் கையில் ஈரம் படக் கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் எண்ணெய்ச் சட்டியில் விழுந்தாலும் மூஞ்சியில் தெறித்துவிடும். அதனால் கையைக் கழுவ மாட்டார்கள், துடைப்பார்கள். தோளில் கிடக்கும் துண்டில் ஒரு துடை, அவ்வளவுதான். சாயங்காலம் அடுப்பு அணைந்த பிறகுதான் குழாயடி. இதெல்லாம் எனக்குக் கல்யாணமான புதுசிலேயே தெரியும். தெரிந்திருந்தும்தான் நடந்தது.

இப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு எட்டு வருஷத்துக்கு முன்னால் சுகர் வந்தது. "மிட்டாய்க் கடைக்காரனுக்குச் சக்கரை வராம உப்பா வரும்?" என்று என் தம்பியே கேலி பண்ணினான். ஆனால் அன்றோடு அவர் இனிப்பை விட்டுவிட்டார். காப்பியில்கூடச் சீனி கிடையாது. முதலில் மாத்திரை, பிறகு ஊசி என்று காலம் ஓடியது. போன வருஷம் எங்கள் மகள் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தாள். அதற்குள் சுகர் பார்க்கும் மிஷின். விரலில் குத்தி ஒரு துளி ரத்தம் வைத்தால், மிஷின் அவர் போனுக்குச் சொல்லும். அவர் போன் என் போனுக்கும் மகள் போனுக்கும் சொல்லும். எங்கோ உட்கார்ந்திருக்கிற டாக்டரும் பார்ப்பார். வாரம் ஒரு முறை ஒரு பெண் போன் போட்டு, என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு நடந்தீர்கள் என்று கேட்பாள்.

"இனிமே அப்பா எங்க இருந்தாலும் நமக்குத் தெரியும்மா" என்றாள் மகள். எனக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்திருந்தது.

திருப்பரங்குன்றத்தில் எங்கள் வாடகை வீட்டு மாடியில் உட்கார்ந்து அந்த மிஷினுக்கான ஆப் ஒன்றைப் போனில் ஏற்றினோம். மகளுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "நீயே அடுத்து அடுத்துன்னு அமுக்கிக்கிட்டே போம்மா, முடிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தாள். நான் அமுக்கினேன். முதலாவதாக வந்தது ஒரு படம். குழாய்க்குக் கீழே இரண்டு கை, மேலே தண்ணீர் கொட்டுகிறது. கீழே ஏதோ இரண்டு வரி எழுதியிருந்தது. கை கழுவுவதை எனக்கு என்ன சொல்லித்தருகிறான் என்று நினைத்தேன். அடுத்து. அடுத்து. அடுத்து.

காலையில் வெறும் வயிற்றில் வீட்டில் பார்ப்பார். நூற்றுப் பத்து, நூற்று இருபது. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் குளித்துவிட்டு வந்து பார்ப்பார். நூற்று முப்பது. இரண்டும் தங்கமான நம்பர். நடுவில் பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் கடையில் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அதில்தான் வந்தது வினை. இருநூற்று எழுபது. முந்நூற்றுப் பத்து. ஒரு நாள் முந்நூற்று நாற்பது. செக்கிங் மேசையில் என் போன் அதிரும், திரையில் சிவப்பாக நம்பர் நிற்கும். நான் சட்டைக்கு ஒட்டுகிற ஸ்டிக்கரும் அதே சிவப்பு. பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இன்னைக்கு என்னத்தத் தின்னீங்க?"

"ஒண்ணும் திங்கல."

"ஒண்ணும் திங்காம முந்நூத்திப் பத்து எங்கிருந்து வருது, ஆகாசத்துல இருந்தா?"

"எனக்கென்ன தெரியும்? நான் வாயில வைக்கல."

"வீட்டுல இருக்கிறப்ப மட்டும் ஒழுங்கா இருக்கு. கடைக்குப் போனா ஏறுது. தேன் எடுக்கிறவன் பொறங்கைய நக்காமயா இருப்பான்?"

அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அன்றைக்கு நான் அதைத் திருட்டு முழி என்று எடுத்துக்கொண்டேன்.

ரெண்டு மாசம் இதே சண்டை. மகள் அங்கிருந்து அழுவாள்: "அப்பா, எனக்காகவாவது விட்டுருங்கப்பா." அவரும் அழாத குறையாக, "ஆத்தா, சத்தியமா நான் தொடலத்தா" என்பார். ஆப்பிலிருந்து பேசுகிற பெண் தேன் தடவின குரலில், "சார், ரீடிங்ஸ் பொய் சொல்லாது இல்லைங்களா? ஒளிக்காம சொன்னாதான் நாங்க உதவி பண்ண முடியும்" என்பாள். ஒரு மனுஷனைச் சுற்றி நாங்கள் மூன்று பேர், கையில் ஆளுக்கொரு போன். அவரிடம் இருந்தது வாய் வார்த்தை மட்டும்.

கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் பக்கத்தில் ஒருத்தர் சொல்வது நிஜமா பொய்யா என்று தீராமல் போனால் அழகர்கோயிலுக்குப் போவார்கள். அங்கே பதினெட்டாம்படிக் கருப்பன் வாசலில் சூடம் கொளுத்தி, அடித்து அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும். பொய்ச் சத்தியம் பண்ணினவன் தாங்க மாட்டான். கோர்ட்டில் துணிந்து பொய் சொல்கிறவன்கூட அந்தக் கதவுக்கு முன்னால் நின்றால் நாக்கு குழறும் என்பார்கள்.

"வாரீங்களா கருப்பன் வாசலுக்கு?" என்றேன். பயந்து பின்வாங்குவார், அதோடு உண்மை வெளியே வந்துவிடும் என்பது என் கணக்கு.

"வாரேன்" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னாலேயே படியிறங்கிவிட்டார்.

சந்தனம் பூசின பெரிய கதவு. அதுதான் சாமி. உள்ளே பார்க்க ஒன்றும் கிடையாது. அவர் சூடத்தைக் கொளுத்தினார். "கருப்பா, சக்கரை வந்த நாள்லருந்து நான் இனிப்பு திங்கல. இனிமேலும் என் வாயில இனிப்பு படாது. இது சத்தியம்" என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். இனிமேலும் என்று சொல்லச் சொன்னது நான் இல்லை. அவராகச் சேர்த்துக்கொண்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் தூங்கிவிட்டார். ரொம்ப நாள் கழித்து நிம்மதியான தூக்கம். எனக்கும் மனசு லேசாக இருந்தது. வீட்டுக்கு வந்து அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு என் போன் அதிர்ந்தது. முந்நூற்றுப் பதினெட்டு.

அடி ஆத்தி! கையில் இருந்த சட்டையைக் கீழே போட்டுவிட்டேன். கோபம்கூட வரவில்லை, பயம்தான். இந்த மனுஷன் கருப்பனிடமே பொய் சொல்லிவிட்டாரே, இனி இந்தக் குடும்பம் விளங்குமா என்று அதே நினைப்பாக இருந்தேன். அன்றைக்கு என் மேசையில் எத்தனை குறையுள்ள சட்டை தப்பிப் போனதோ தெரியாது. போன் சொன்னதும் அவர் சொன்னதும் ஒன்றுக்கொன்று முட்டியது. போன்தான் தப்போ என்று எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

அந்த வாரம் டாக்டர் போனில் முகம் காட்டிப் பேசினார். நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் நல்ல மனுஷன், நிதானமானவர். வரிசையாக நம்பர்களைப் பார்த்துவிட்டு, "காலையில இவ்வளவு நல்லா இருக்கு, மதியம் மட்டும் இப்படி ஏறுதே. கொஞ்சம் வித்தியாசமா இருக்கு. இனிப்பு சாப்பிடுறாரா?" என்றார்.

"இல்ல சார்" என்றார் அவர்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. சாப்பிடுறதை நீங்க கண்ணால பார்த்தீங்களா, இல்ல சந்தேகம்தானா? சந்தேகம்தான்னா, ஒரு தடவை லேப்ல ரத்தம் கொடுத்துப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

"பாத்தேன் சார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? எத்தனையோ தடவை என்னையே கேட்டுவிட்டேன். சந்தேகம் என்று சொன்னால் இவர் தப்பித்துவிடுவார், இன்னும் ரெண்டு மாசம் இழுக்கும், அதற்குள் கண்ணோ கிட்னியோ போய்விடும் என்று நினைத்தேன். அவரைக் காப்பாற்றத்தான் சொன்னேன். இப்படிச் சொல்லி மனசைத் தேற்றப் பார்ப்பேன். தேறாது. செக்கிங்கில் கண்ணால் பார்க்காமல் ஒரு சட்டைக்கு ஸ்டிக்கர் ஒட்டியதில்லை நான், பதினாறு வருஷத்தில் ஒரு தடவைகூட.

அவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். டாக்டர், "சரி, சாப்பிடத்தான் செய்றார்னா அதுக்கு ஏத்த மாதிரி மருந்தை ஏத்துவோம்" என்று மதிய ஊசியின் அளவைக் கூட்டினார். அடுத்த வாரமும் நம்பர் இறங்கவில்லை. இன்னும் கூட்டினார்.

அதற்குப் பிறகு அவர் சாயங்காலம் சோர்ந்து வருவார். சட்டை தெப்பமாக நனைந்திருக்கும். "கை வெடவெடங்குது" என்பார். "அடுப்புச் சூடுதான், மோர் குடிங்க" என்பேன். ஆப்பிலிருந்து பேசுகிற பெண்ணிடமும் சொன்னோம். அந்த நேரத்து நம்பரைப் பார்த்துவிட்டு, "சுகர் ஏறினாலும் அப்படித்தான் அசதியா இருக்கும் சார்" என்றாள்.

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்தது. மிட்டாய்க் கடையில் மூச்சு விட நேரம் இல்லாத காலம். மதியம் ஒரு மணிக்கு அவர் போன் ஊசி நேரம் என்று மணி அடித்திருக்கிறது, போட்டுக்கொண்டார். ஊசி போட்டால் உடனே சாப்பிட வேண்டும். ஆனால் அடுப்பில் பாகு இருந்தது. பாகை விட்டுவிட்டு எந்த மாஸ்டரும் எழுந்து போக மாட்டான். இரண்டு மணி ஆயிற்று, இரண்டரை ஆயிற்று. உடம்பெல்லாம் வேர்த்து ஊற்ற, கை உதற, என்னவோ செய்கிறதே என்று மிஷினை எடுத்துப் பார்த்திருக்கிறார். இருநூற்று அறுபத்தாறு.

அந்த நம்பர் கப்பலூரில் என் மேசைக்கு வந்தது. நான் உடனே போன் போட்டேன். இதை நான் கேட்டேன், காதால் கேட்டேன், அதனால் எழுதலாம். அவர் குரல் குழறியது. வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுகிறார் என்று நினைத்தேன்.

"இன்னமும் திங்கிறீங்களா? சத்தியம் பண்ணிட்டு வந்து இம்புட்டு தைரியமா? கருப்பன் கேக்காம விடமாட்டான், பாத்துக்கங்க!"

"இல்ல... இல்ல..." என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

கடையில் நடந்ததை நான் பார்க்கவில்லை. முதலாளி சொன்னது இது. மாஸ்டர் சட்டியை விட்டு எழுந்து, எங்கே போகிறோம் என்று தெரியாமல் சுவரைப் பிடித்து நடந்திருக்கிறார். வார்த்தைக்கு வார்த்தை சம்பந்தமில்லாமல் பேசியிருக்கிறார். முதலாளியின் அம்மாவுக்கும் சுகர் உண்டு, அதனால் சுகர் இறங்கிவிட்டது என்று அவருக்கு உடனே புரிந்திருக்கிறது. தட்டிலிருந்து ஒரு லட்டை எடுத்து வாயில் திணித்திருக்கிறார்.

"பல்லக் கடிச்சுக்கிட்டாரு அக்கா. நானும் தாடையப் பிடிச்சு அமுக்குறேன், தொறக்க மாட்டேங்குறாரு. அண்ணே, முழுங்குண்ணே, முழுங்குண்ணேன்னு கத்துறேன். தலைய ஆட்டுறாரு. கருப்பா கருப்பாங்குறாரு. சுத்தி மூட்டை மூட்டையாச் சக்கரை அக்கா. ஒரு வாய் உள்ள போயிருந்தா எந்திரிச்சிருப்பாரு." இதைச் சொல்லும்போது முதலாளி உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் போய்ச் சேரும்போது ஆஸ்பத்திரியில் அவருக்கு நினைவில்லை. கொண்டுவந்ததும் ஆஸ்பத்திரிக்காரர்கள் அவர் விரலில் குத்திப் பார்த்திருக்கிறார்கள், இருநூற்று நாற்பது. சுகர் இறங்கவில்லை, வேறு என்னமோ என்று தலையை ஸ்கேன் எடுக்க ஏற்பாடு பண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் சுவரோரம் நின்று, கருப்பா தெரியாமப் பண்ணிட்டாரு, மன்னிச்சிரு என்று முனகிக்கொண்டிருந்தேன். அப்போதும் பொய் சொன்னது அவர் என்றுதான் என் மனசில். அந்த நேரம் லேபிலிருந்து ஒருத்தர் ஓடி வந்தார். கை நரம்பில் எடுத்த ரத்தத்தில் முப்பத்தெட்டு.

அங்கே வயசான ஒரு நர்ஸம்மா இருந்தார். முப்பத்தெட்டா என்று திகைத்து, என் புருஷன் கையைத் தூக்கி மோந்து பார்த்தார். "இவரு என்ன வேலைம்மா பாக்குறாரு?"

"மிட்டாய்க் கடையில சரக்கு மாஸ்டர்."

நர்ஸம்மா பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அந்த ஆள்காட்டி விரலை நன்றாகத் தேய்த்துத் துடைத்தார். திரும்பவும் குத்தினார். அதே மிஷின், அதே விரல். நாற்பத்தொன்று.

"கையில பாகு காஞ்சு ஒட்டியிருக்கும்மா. ரத்தத்துல இருக்கிற சக்கரைய அது காட்டல. விரல்ல இருக்கிற சக்கரையக் காட்டியிருக்கு. துண்டுல தொடச்சாப் போகாது. கழுவணும்ல? மொதல்லயே சொல்லியிருப்பாங்களே?"

சொல்லியிருந்தார்கள். முதல் படத்திலேயே சொல்லியிருந்தார்கள். நான்தான் அடுத்து என்று அமுக்கினேன். ரெண்டு மாசமாக வாயைத் திறந்து காட்டாத குறையாக இல்லை இல்லை என்று சொன்ன மனுஷனை நான் என்னவெல்லாம் பேசினேன்! நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ராத்திரிக்குள் கண் திறந்தார். முதலில் கேட்டது, "பாகு என்னாச்சு?"

பிழைத்துவிட்டார் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். டாக்டர் போனில் வந்து வருத்தப்பட்டார், ஊசியின் அளவைக் குறைத்தார். மகள் வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் மன்னிப்புக் கேட்டேன். "விடு" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. கையில் இருந்த துண்டால் என்னை ரெண்டு போட்டிருந்தால்கூடத் தேவலை.

அவருடைய உடம்பு இப்போது முன்னே மாதிரி இல்லை. சுகர் எழுபதுக்குக் கீழே இறங்கினால் வேர்க்க வேண்டும், கை நடுங்க வேண்டும். அடிக்கடி இறங்கி இறங்கி உடம்புக்கு அது மரத்துப்போய்விட்டதாம். எச்சரிக்கை கிடையாது, நேராக விழுவதுதான். அதனால் புஜத்தில் ஒரு வில்லையை ஒட்டியிருக்கிறார்கள். அது குத்தாமலே பார்த்து என் போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஏறினாலும் இறங்கினாலும் போனில் தெரிய மட்டும் கால் மணி நேரம் தாமதமாகும் என்றார்கள். முதலாளி, "நீங்க வந்து உக்காந்து சொல்லுங்க மாஸ்டர், போதும்" என்று கூப்பிட்டார். ஒரு நாள் போய்விட்டு வந்தார். அடுப்புப் பக்கம் விடவில்லை என்றார். அதற்குப் பிறகு போகவில்லை.

"பசிக்குதாங்க?" என்று கேட்டால், "போனப் பாரு" என்கிறார். "தலை சுத்துதா?" "போனப் பாரு." குத்தலாகச் சொல்கிறாரா, நிஜமாகவே தன் உடம்பைத் தானே நம்பவில்லையா, எனக்குத் தெரியவில்லை. இதில் பெரிய இம்சை அந்தச் சத்தியம். சுகர் இறங்கினால் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வேண்டும். குடிக்க மாட்டார். "இனிப்பு படாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்ல" என்பார். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில ஏத்துனாங்களே?" என்றால், "அது நரம்புல போச்சு. நான் சொன்னது வாய" என்பார். நான் பக்கத்தில் நின்று, கெஞ்சி, கத்தி, டம்ளரை உதட்டில் வைத்தால்தான் வேண்டாவெறுப்பாக இறங்கும். நான் கம்பெனியில் இருக்கும்போது என்ன செய்வது? அதனால் கப்பலூரில் பாதி நாள் லீவு, மீதி நாள் திட்டு.

மாசி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொறுக்க முடியாமல் தனியாக அழகர்கோயிலுக்குக் கிளம்பினேன். சத்தியத்தை எப்படியாவது இறக்கி வைத்துவிட்டு வர வேண்டும். அவருக்கு இட்லி அவித்துத் தட்டில் வைத்து, ஊசி போட்டதும் சாப்பிடச் சொன்னேன். மேசையில் ஒரு பாட்டிலில் குளுக்கோஸ் கரைத்து வைத்தேன். "எந்தக் கோயிலுக்கு?" என்று கேட்டார். சொன்னேன். பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்துக் கொடுத்தார்.

கருப்பன் வாசலில் நல்ல கூட்டம். கதவுக்கு நேரே நின்று, என்ன சொல்வதென்று தெரியாமல் சூடத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். போன் அலறியது. அறுபத்தெட்டு, அம்புக்குறி கீழ்நோக்கி. உடனே கூப்பிட்டேன்.

"சாப்டீங்களா?"

"தட்டுல இருக்கு."

"தட்டுல இருந்து என்ன செய்ய? ஊசி போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"ஐயோ! அந்தப் பாட்டிலை எடுங்க மொதல்ல. எடுத்துக் குடிங்க."

"நீ வா."

"நான் வர ஒண்ணர மணி நேரம் ஆகுங்க! அறுவத்தி நாலுக்கு வந்திருச்சு!"

கீழ் வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மகள் கோயம்புத்தூரில். யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் இந்தப் போனை வைக்க வேண்டும், வைத்தால் திரும்ப எடுப்பாரோ மாட்டாரோ. அங்கே நின்று அவர் சர்க்கரை இறங்குவதைப் பார்ப்பதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. எங்கே இருந்தாலும் தெரியும் என்று மகள் சொன்னது சரிதான். தெரிந்தது.

"இப்ப எங்க நிக்கிற?" என்று கேட்டார். குரலில் லேசாகக் குழறல்.

"கருப்பன் வாசல்ல."

"பாத்தேன்னு சொன்னியே டாக்டர்கிட்ட. எதப் பாத்த?"

அத்தனை மாசத்தில் அன்றுதான் கேட்டார்.

"அங்கனயே நின்னு சொல்லு. எதப் பாத்த?"

சூடம் கையிலிருந்து விழுந்துவிட்டது. யார் இருக்கிறார்கள், யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு ஒன்றும் இல்லை. கதவைப் பார்த்துக் கத்தினேன். "கருப்பா, நான் எதையும் பாக்கல! எம் புருஷன் திங்கல. பாத்தேன்னு பொய் சொன்னது நான்தான். அவர் சத்தியத்துல குறையே இல்ல. குறை என் வாயில. கேக்குறதா இருந்தா என்னையக் கேளு. அவருக்கு அந்தச் சத்தியத்தை விட்டுக் குடுத்துரு!" பக்கத்தில் நின்ற ஒரு பெண் பயந்துபோய் நகர்ந்தாள். நான் போனைக் காதில் வைத்தேன்.

"கேட்டுச்சா?"

"ம்."

"குடிங்க."

மூடி திருகும் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. இல்லை, நாற்காலி நகர்ந்த சத்தமோ என்னவோ. பிறகு, "குடிச்சிட்டேன்" என்றார்.

போனைப் பார்த்தேன். ஐம்பத்தேழு. அம்புக்குறி இன்னும் கீழ்நோக்கியே இருந்தது.

நிஜமாவா, முழுசாவா, பாட்டிலைக் காட்டுங்க பார்ப்போம் என்பதெல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"சரிங்க" என்றேன்.

நம்பர் ஏறுகிறதா என்று தெரிய இன்னும் கால் மணி நேரம் இருந்தது.